மரச்சிலந்தி கேட்டவர்களுக்கு ஒரு மரத்தவளை: சிங்கப்பூர் வீட்டில் வளர்க்க முழு வழிகாட்டி

முதலில் ஒன்றைப் பேசி முடித்துவிடுவோம். மரத்தில் வாழும் டாரண்டுலா சிலந்தி வளர்க்க வழி கேட்டு என்னிடம் வருபவர்கள் அதிகம். சிங்கப்பூரில் டாரண்டுலாவை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. டெலிகிராமில் யாரோ விற்கிறார் என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. மாட்டினால் அபராதம் உங்களுக்கு, பறிமுதல் சிலந்திக்கு.

என் அக்கா மகனுக்கும் அதே ஆசைதான் இருந்தது. உயரமான கண்ணாடிப் பெட்டி, உள்ளே கிளை, இலை, இரவில் மெல்ல நகரும் விநோதமான ஓர் உயிர். இத்தனையும் வேண்டும், சட்டமும் இடிக்கக்கூடாது என்றால் இங்கே பச்சை மரத்தவளைதான் வழி. கடைகளில் கிரீன் ட்ரீ ஃபிராக் என்பார்கள், அறிவியல் பெயர் லிட்டோரியா கேருலியா. இங்கே செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதிக்கப்பட்ட மிகச் சில நீர்நில உயிர்களில் இது ஒன்று.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூடேற்று, ஈரமாக்கு, பெட்டியை மூடி வை என்பார்கள். நமக்குச் சூடும் ஈரமும் வானமே கொடுக்கிறது. நாம் தேடித் தரவேண்டியவை நல்ல தண்ணீரும் காற்றும். புதிதாக வளர்ப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1. வாங்கும் முன் வீட்டில் பேசவேண்டியவை

இந்தத் தவளை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கினால், அவன் தேசிய சேவை முடித்து வந்தபிறகும் அது உயிரோடிருக்கும். பையனுக்கு ஆர்வம் போனபின் யார் பார்ப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அம்மாதான்.

உயிருள்ள பூச்சி வீட்டுக்குள் வரும். அதற்கு எல்லாரும் சம்மதிக்கவேண்டும். ஆண் தவளை மழைக்காலத்தில், முக்கியமாக நவம்பர் முதல் ஜனவரி வரை, ராத்திரியில் நாய்க்குட்டி குரைப்பதுபோலக் கத்தும். தூக்கம் லேசானவர் இருக்கும் அறையில் பெட்டியை வைக்காதீர்கள்.

பிடிக்காவிட்டால் பூங்காவில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்கவே கூடாது. அது சட்டப்படி குற்றம். இங்குள்ள தவளைகளுக்கு நோய் தொற்றவும் வழியாகும்.

2. தண்ணீர்: பெட்டிக்கும் முன்னால் இது

எல்லாரும் பெட்டியில் தொடங்குவார்கள். நான் தண்ணீரில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் என் முதல் தவளையை இழந்தது தண்ணீரால்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடியிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சுகிறது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது நேராக உடம்புக்குள் போகும்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை நாம் தைரியமாக அப்படியே குடிக்கலாம். ஆனால் கிருமி வளராமலிருக்க அதில் குளோரமின் சேர்க்கிறார்கள். பழைய மீன் வளர்ப்பாளர்கள் சொல்வார்கள்: வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் போதும், குளோரின் பறந்துவிடும் என்று. அது வெறும் குளோரினுக்குத்தான் பொருந்தும். குளோரமின் அவ்வளவு சீக்கிரம் போகாது. கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் முழுதாகப் போகும் என்று நம்பமுடியாது.

நானும் அந்த வாளி முறையைத்தான் நம்பினேன். தவளை தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கியதும் துள்ளி வெளியே வரும், கண்ணாடியில் ஏறும், மறுபடி இறங்கும், மறுபடி துள்ளும். விளையாடுகிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் தொடையின் உட்பக்கம் சிவந்திருந்தது. அதன்பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை.

செய்யவேண்டியது இதுதான். மீன் கடையில் தண்ணீர்ப் பதப்படுத்தி மருந்து வாங்குங்கள். போத்தலில் குளோரமினையும் நீக்கும் என்று எழுதியிருக்கவேண்டும். குளோரமின் உடையும்போது அமோனியா வெளிவரும், அதனால் அமோனியாவையும் கட்டுப்படுத்தும் வகை இன்னும் நல்லது. மீனின் தோலுக்குக் கற்றாழைச் சாறு சேர்த்தது என்று விளம்பரம் செய்யும் வகை தவளைக்கு வேண்டாம். அளவு போத்தலில் இருக்கும். குத்துமதிப்பாக ஊற்றாமல் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

ஐந்து லிட்டர் போத்தல்கள் இரண்டில் கலந்து, மேலே தவளைத் தண்ணீர் என்று எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் எழுதாமல் வைத்தபோது ஒருநாள் அதில் காப்பி போட்டுவிட்டார்கள்.

காய்ச்சி வடித்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். அதில் உப்புகளே இல்லை, நெடுநேரம் ஊறும் தவளையின் உடலிலுள்ள உப்புகள் வெளியேறும்.

3. பெட்டி: உயரமும் காற்றும்

ஒன்று அல்லது இரண்டு பெரிய தவளைகளுக்கு 45 செண்டிமீட்டர் அகலம், 45 ஆழம், 60 உயரம் உள்ள கண்ணாடிப் பெட்டி போதும். இது மேலே ஏறி வாழும் உயிர். நீளமான மீன்தொட்டியைக் கொடுத்தால் பாதி இடம் வீண், மேலிருந்து கைவிட்டுப் பிடிக்கும்போது தவளைக்கும் பயம். முன்பக்கம் திறக்கும் கதவு கட்டாயம் வேண்டும்.

மேல்மூடி முழுவதும் வலையாக இருக்கட்டும். குளிர்நாட்டுக் குறிப்புகள் வலையைப் பிளாஸ்டிக்கால் பாதி மூடச் சொல்லும். இங்கே அப்படிச் செய்தால் நான்காம் நாள் உள்ளே பூஞ்சை வாடை வரும். நம் ஊரில் வெளிக்காற்றின் ஈரப்பதமே பெரும்பாலான நாள் 70 விழுக்காட்டுக்கு மேல்தான். நின்றுபோன ஈரக்காற்றில் தவளையின் தோலில் கிருமி சேரும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏர்கான் ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறையில் காற்று காய்ந்துவிடும். முடிந்தால் பெட்டியை வரவேற்பறையில் வையுங்கள். ஏர்கான் காற்று நேராகப் படும் இடமும், மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் ஆகாது. பிற்பகல் மூன்று மணி வெயிலில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும்.

பெட்டி வைக்கும் மேசையின் கால்களில் வாசலின் தடவுங்கள். எறும்பு வராது. சாப்பிடாமல் விட்ட ஒரு பூச்சிக்காக எறும்புப் படையே ஏறிவந்து தவளையையும் கடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

4. அடியிலும் உள்ளேயும்

கூழாங்கல், மீன்தொட்டிச் சரளை இரண்டும் வேண்டாம். தவளை பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும்போது அடியில் இருப்பதையும் சேர்த்து வாயில் அள்ளும். கல் குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மூன்று மாதம் சமையலறைக் காகிதத் துண்டையே விரியுங்கள். அழகில்லைதான். ஆனால் எச்சம் எப்படியிருக்கிறது, எத்தனை பூச்சி மிச்சம் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். பிறகு தேங்காய்நார்த் தூளுக்கு மாறலாம்.

உள்ளே, தவளையின் உடம்பைவிடத் தடிமனான கிளைகள் மூன்று, சாய்வாக வையுங்கள். கிளையைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் ராத்திரி விழும். செடிக்கு மணிபிளாண்ட் போதும், எந்த புளோக் தாழ்வாரத்திலும் ஒரு தொட்டி இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அந்தச் செடிக்கு யார் என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது. மண்ணை முழுக்கக் கழுவி, இலைகளைத் துடைத்து, இரண்டு வாரம் தண்ணீரில் தனியாக வளர்த்தபிறகு உள்ளே வையுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் அகலமாக இருக்கட்டும், ஆழம் உட்கார்ந்திருக்கும் தவளையின் பாதி உயரம் வரை. மரத்தவளை நீச்சலில் கெட்டியில்லை.

5. வெளிச்சமும் சூடும்

சூடேற்றும் விளக்கு, சூட்டுப் பாய் எதுவும் வாங்காதீர்கள். பகலில் 26 முதல் 30 டிகிரி இதற்கு வசதியானது, நம் வரவேற்பறை பெரும்பாலும் அதுதான். கவலைப்படவேண்டியது சூடு கூடிவிடுவதைப் பற்றி. பெட்டிக்குள் 32 டிகிரிக்கு மேல் நின்றால் சின்ன விசிறி ஒன்றை வலைமூடியின் மேலாகக் காற்று ஓடும்படி வையுங்கள், நேராகத் தவளைமேல் படக்கூடாது. வெப்பமானியைப் பெட்டியின் மேல்பாதியில் ஒட்டுங்கள், அங்கேதான் அது தூங்கும்.

புற ஊதா ஒளி தரும் குழல்விளக்கு, குறைந்த சக்தி வகை, ஒரு நாளைக்கு 12 மணி நேரம். உடம்பில் கால்சியம் சேர அது உதவும். ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். டைமரில் காலை ஏழு, இரவு ஏழு என்று வைத்துவிடுங்கள், நம் ஊர்ப் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய அதுதான்.

6. இரண்டு வாரம் வெறும் பெட்டி

யாரும் கேட்காத அறிவுரை இது. பெட்டியையும் தவளையையும் ஒரே நாளில் வாங்கிவராதீர்கள்.

எல்லாவற்றையும் பொருத்தி, விளக்கைப் போட்டு, காலையும் பிற்பகலும் இரவும் வெப்பம், ஈரப்பதம் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு நல்ல மழைநாளும் ஒரு கொளுத்தும் நாளும் வந்துவிடும். எங்கே பூஞ்சை பிடிக்கிறது, எந்தக் கிளை சரிகிறது, எறும்பு எந்த வழியில் வருகிறது எல்லாம் தெரிந்துவிடும். தவளை உள்ளே இருக்கும்போது இதையெல்லாம் சரிசெய்தால் அதற்குத்தான் அவதி.

7. தவளையைத் தேர்ந்தெடுப்பது

உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போங்கள். பகலில் எல்லாத் தவளையும் தூங்கும், நோயாளியும் அப்படித்தான் தெரியும்.

கண் தெளிவாக இருக்கவேண்டும். இடுப்பெலும்பு துருத்தக்கூடாது. தொடையின் உட்புறத்தில் சிவப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள், இருட்டிலோ பயத்திலோ இது பழுப்பாக மாறும், பிறகு பச்சைக்குத் திரும்பும். கடைக்காரரை ஒரு பூச்சி போடச் சொல்லுங்கள். பாய்ந்து பிடித்தால் வாங்கலாம்.

இரண்டு வாங்குவதாக இருந்தால் ஒரே அளவில் வாங்குங்கள். வாயில் நுழையும் எதுவும் இதற்குத் தீனி, சின்ன தவளையும் சேர்த்து. ஏற்கனவே ஒன்று வைத்திருப்பவர்கள் புதியதைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில், தனிக் கிண்ணத்தோடு வையுங்கள். கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் உலகமெங்கும் தவளை இனங்களை அழித்துவருகிறது, வெளியே பார்த்தால் தெரியாது.

8. முதல் வாரம்

பெட்டியில் விட்டு, கதவைச் சாத்தி, விலகிவிடுங்கள். மூன்று நாள் சாப்பிடாமலிருந்தால் பயப்படாதீர்கள். கையில் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். தூக்கினால் சிறுநீர் கழிக்கும், அது அசிங்கம் அல்ல, சேமித்து வைத்த தண்ணீரை அது இழக்கிறது.

எடுத்தே ஆகவேண்டுமென்றால் கையை நன்றாகக் கழுவி, சோப்பு வாசனை போக, கடைசியில் தவளைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்தபின் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி தவளைத் தோலில் இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடவேண்டாம்.

9. தீனி

கிரிக்கெட் பூச்சிதான் முக்கிய உணவு. பாடும் பறவைகளுக்கும் அரோவானா மீனுக்கும் விற்கிறார்கள், பறவைக் கடையிலும் மீன் கடையிலும் கேளுங்கள். பூச்சியின் அகலம் தவளையின் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது.

வாங்கிய அன்றே போடாதீர்கள். கடைப் பூச்சி பட்டினியாக இருக்கும், அதன் வயிற்றில் ஒன்றுமில்லை என்றால் தவளைக்கும் ஒன்றுமில்லை. காற்றோட்டமுள்ள டப்பாவில் ஒருநாள் கேரட், பூசணி, சாய் சிம் கீரை கொடுத்து வையுங்கள். பசலை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். டப்பா மூடியை இரண்டு முறை பாருங்கள். தப்பித்த ஒரு பூச்சி குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டில் பதினோரு ராத்திரி கச்சேரி நடத்தியது.

போடும் முன் பூச்சியைக் கால்சியத் தூளில் குலுக்குங்கள். இது இல்லாவிட்டால் எலும்பு மெதுவாக மென்மையாகும், தாடை வளையும், பின்கால் இழுக்கும். குட்டிக்குக் கிட்டத்தட்ட ஒவ்வொரு வேளையும், பெரியதற்கு வாரம் ஒருமுறை அல்லது இருமுறை. வாரத்துக்கு ஒருநாள் கால்சியத்துக்குப் பதில் வைட்டமின் தூள், அதில் வைட்டமின் ஏ நேரடியாக இருக்கவேண்டும். அது குறைந்தால் நாக்கு ஒட்டாது, பாயும், பிடிக்கமுடியாது.

குட்டிக்குத் தினமும். வளர்ந்ததற்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, வேளைக்கு ஐந்தாறு பூச்சி. இதற்குமேல் கேட்கும். கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் விருந்தோம்பல் தவளை வரை நீளும். கண்ணுக்கு மேலுள்ள தோல்மடிப்பு தொங்கிக் கண்ணை மறைக்கத் தொடங்கினால் அது கொழுப்பு. மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில், மூடிய டப்பாவோடு நிறுத்து எழுதி வையுங்கள்.

விளக்கு அணைந்து அரைமணி கழித்துத் தீனி போடுங்கள். முதல்முறை அக்கா மகன் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தான். தவளை பூச்சியைக் கவ்வியது, முன்கையால் பூச்சியின் மீசையை உள்ளே தள்ளியது, இரண்டு கண்ணும் தலைக்குள் அமுங்கி மறைந்தன. "மாமா, கண்ணையும் சேர்த்து முழுங்குது!" என்று கத்தினான். உண்மையில் கண்விழியை உள்ளே இழுத்துத்தான் தவளை தீனியைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. ஆக, பூச்சியைக் கவ்வியபின் கண் அமுங்கினால் விழுங்குகிறது என்று அர்த்தம். கால்மணி நேரத்தில் சாப்பிடாத பூச்சியை எடுத்துவிடுங்கள், தூங்கும் தவளையை அது கடிக்கும்.

10. சாம்பிராணி, கொசுவர்த்தி, மருந்துப் புகை

எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இது இருக்காது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினசரி ஊதுபத்தி, கற்பூரம். தவளை தோல் வழியாகவும் மூச்சுவிடுகிறது, புகை அந்த ஈரத்தோலில் படியும். பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. பெட்டியைச் சாமி மேடையிலிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள், சாம்பிராணி போடும் நேரம் அந்த அறைக் கதவைச் சாத்துங்கள்.

கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் செருகும் திரவம், கரப்பான் ஸ்பிரே மூன்றும் அந்த அறையில் கூடவே கூடாது. பூச்சியைக் கொல்லும் மருந்து தவளையையும் கொல்லும், மருந்து தின்ற பூச்சியைத் தவளை தின்றாலும் அதே கதைதான். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் எல்லாம் சரியாகச் செய்தார்கள், பணிப்பெண்ணிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். பெட்டிக்கு அடியில் ஓடிய கரப்பான்மேல் அவர் நல்லெண்ணத்தில் ஸ்பிரே அடித்தார்.

புளோக்கில் கொசுமருந்துப் புகை அடிக்கும் நாளை மின்தூக்கி அருகே ஒட்டுவார்கள். அன்று ஜன்னல்களைச் சாத்தி, பெட்டியின் வலைமேல் ஈரத்துணி போட்டு, வாடை போனபின் எடுங்கள். புகைமூட்டக் காலத்திலும் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

அதேபோல, தவளைக் கிண்ணமே கொசு வளரும் இடமாகிவிடக்கூடாது. தினமும் தண்ணீர் மாற்றினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூடாமல் வைத்த வாளி, செடித்தட்டு இரண்டையும் பாருங்கள்.

11. சுத்தம்

தினமும் காலையில் எச்சத்தை எடுத்து, கிண்ணத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, தவளைத் தண்ணீர் நிரப்புங்கள். சோப்பு வேண்டாம். இந்தத் தவளை கிண்ணத்தில்தான் பெரும்பாலும் மலம் கழிக்கும், பிறகு அதிலேயே ஊறும். காகிதத் துண்டு வாரம் இருமுறை. தேங்காய்நாராக இருந்தால் மாதம் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

தெளிப்பானால் ஈரமாக்குவது மாலை ஒருமுறை, கண்ணாடி விடியுமுன் காயும் அளவுக்கு. காலையிலும் கண்ணாடி நனைந்தே இருந்தால் அதிகம்.

தவளை வாயை அகலத் திறந்து, உடம்பை முறுக்கி, ஏதோ விக்குவதுபோலச் செய்தால் மருத்துவரைக் கூப்பிடாதீர்கள். தோல் உரித்துத் தின்கிறது.

12. எப்போது மருத்துவரிடம்

தொடை, வயிற்றில் சிவப்பு, வீங்கிய உடம்பு, வளர்ந்த தவளை இரண்டு வாரம் சாப்பிடாதது, பகலிலும் தரையிலேயே கிடப்பது, பின்கால் இழுப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனையும் தவளை பார்க்காது. பார்க்கும் இடத்தின் எண்ணைத் தவளை வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது ஈரக் காகிதம் விரித்த டப்பாவில், கூடவே எடைக் குறிப்பும் புதிய எச்சமும்.

13. ஊருக்குப் போகும்போது

வளர்ந்த தவளை நான்கைந்து நாள் தீனியில்லாமல் தாங்கும், தண்ணீர் மாற்றாமல் தாங்காது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, நாளுக்கு ஒரு சிறு போத்தல் என்று அளந்து நிரப்பி, நாளை எழுதி வரிசையாக வைத்துவிட்டுப் போங்கள். பூச்சி போடச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யவேண்டாம். தீபாவளிக்கு நாங்கள் தஞ்சாவூர் போனபோது எதிர்வீட்டு ஆன்ட்டி ஐந்து போத்தலையும் சரியாக ஊற்றினார், கதவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே திறந்தாராம்.